நேப்பாள மலைக்கிராமத்தில் மூன்று மாதத் தொண்டு: உங்களை அழைத்தவர் யார்?

கோலாலம்பூரில் பட்டப்படிப்பை முடித்திருக்கிறீர்கள். வேலையில் சேருமுன் நேப்பாளத்து மலைக்கிராமம் ஒன்றில் மூன்று மாதம் தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறீர்கள். அதற்கு ஓர் ஏற்பாட்டு நிறுவனம் விமானக் கட்டணம் நீங்கலாக 7,500 மலேசிய வெள்ளி கேட்கிறது. செய்தியைக் கேட்டதிலிருந்து உங்கள் அம்மாவுக்கு உறக்கம் இல்லை. போகலாமா, கேட்கும் பணம் நியாயம்தானா, போவதானால் எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். 2013, 2016, 2019 என மூன்று முறை, சோலுகும்பு மாவட்டத்தின் தென்பகுதியில் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரே கிராமத்துக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஆறு முதல் பத்து வாரம் வரை தங்கியிருக்கிறேன். போகலாம் என்பதே என் விடை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஏற்பாட்டின்படி போக வேண்டாம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் முதல் பயணத்தின் பிழையிலிருந்து தொடங்குகிறேன். 2013-இல் நானும் ஓர் ஏற்பாட்டாளருக்குப் பணம் கட்டித்தான் போனேன். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற மிதப்பில், முதல் நாளே எழுத்துப் பாட்டு ஒன்றைக் கையசைவுகளோடு தொடங்கினேன். இரண்டாம் வரியை நான் எடுப்பதற்குள் பிள்ளைகள் பாட்டையே முடித்துவிட்டார்கள். அவர்களுடைய கையசைவுகள் என்னுடையவற்றைவிட நேர்த்தியாகவும் இருந்தன. அந்த ஆண்டில் அந்த வகுப்புக்கு வந்த நான்காவது தன்னார்வலர் நான் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன் வந்த மூவரும் அதே பாட்டையும், நிறங்களின் பெயர்களையும், உடலுறுப்புகளின் பெயர்களையும் கற்பித்து, படம் எடுத்துக்கொண்டு, கண்ணீரோடு விடைபெற்றுப் போயிருந்தார்கள். எதுவரை நடத்தினோம் என்று ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அதைவிட என்னை உறுத்தியது, நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அவ்வகுப்புக்குரிய ஆசிரியை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வெயிலில் அமர்ந்து கம்பளி பின்னத் தொடங்கியதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தம் வேலையை ஓர் அந்நியர் சில வாரங்களுக்குக் கையில் எடுத்துக்கொள்ளும்போது அவர் வேறு என்ன செய்வார்? நான் ஊர் திரும்பிய பிறகு, விட்ட இடம் தெரியாத அந்த வகுப்பை மறுபடி சுமக்க வேண்டியவரும் அவரே.

நம் நாடும் ஒரு காலத்தில் தன்னார்வலர்களைப் பெற்ற நாடு என்பதை இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். 1962 முதல் 1983 வரை அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு ஆயிரக்கணக்கானோரை ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் இங்கே அனுப்பியது. நேப்பாளத்துக்கும் அதே 1962-இல்தான் அனுப்பத் தொடங்கியது. கெடாவில் நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு அறிவியல் நடத்தியவர் அப்படி வந்த ஓர் இளைஞர். இரண்டு ஆண்டு இருந்தார். மலாய் பேசினார், தப்பும் தவறுமாகத்தான், ஆனால் தயங்காமல். மற்ற ஆசிரியர்களைப் போலவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். தாமதமாக வந்த நாளில் தலைமையாசிரியரிடம் எல்லார் முன்னிலையிலும் வசையும் வாங்கினார். அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறை இருந்தது, அரசாங்கம் கேட்டது, அவர் வந்தார். உள்ளூர் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்ததும் அவர் போனார். நேப்பாளத்தில் அந்த ஆசிரியை வெயிலில் அமர்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த இளைஞரின் நினைவு வந்தது. அவரை எங்கள் பள்ளி கேட்டு வாங்கியது. என்னை அந்தக் கிராமத்தில் எவரும் கேட்கவில்லை; ஏற்பாட்டாளர் அனுப்பினார், அவர்கள் மரியாதைக்காக மாலை போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது விலையைப் பற்றியன்று. இந்தப் பள்ளிக்கு ஆங்கிலத் தன்னார்வலர் வேண்டும் என்று கேட்டவர் யார், எந்த மாதத்தில் கேட்டார், எனக்கு முன் வந்தவர் எதை விட்டுச் சென்றார், எனக்குப் பின் வருபவர் யார் என்று கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்யுங்கள் என்றும் கேளுங்கள். தொலைதூரக் கிராமம், அங்கே தொடர்புகொள்ள முடியாது என்பார்கள். இன்று நேப்பாள மலைகளில் பெரும்பாலான ஊர்களில் கைப்பேசி உண்டு. மலையேறிப் போகும் தலைமையாசிரியர்கூட மெசஞ்சரில் இருக்கிறார். பேச விடாத நிறுவனத்தைக் கைவிட்டுவிடலாம்.

2016-இல் நான் எவர் வழியாகவும் போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 25-இல் 7.8 அளவிலும் மே 12-இல் 7.3 அளவிலும் நிலநடுக்கம் ஏற்பட்டு நேப்பாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் கிராமத்துப் பள்ளியில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இரண்டு அறைகள் விழுந்து, மூன்று வகுப்புகளைத் தகரக் கொட்டகை ஒன்றில் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். பணம் என்பார் என்று நினைத்தேன். "மூன்று வகுப்பை ஓர் அறையில் வைத்து எப்படி நடத்துவது என்று என் ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை" என்றார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, ஏனென்றால் என் பணிக்காலத்தில் பாதி அதைத்தான் செய்தேன். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே போனால் கூட்டு வகுப்புதான். ஒன்றாம் ஆண்டு எழுதிக்கொண்டிருக்க, இரண்டாம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லி, மூன்றாம் ஆண்டில் சூட்டிகையான பிள்ளையை ஒன்றாம் ஆண்டுக்குத் துணையாசிரியராக்கி ஓட்டுகிற வித்தை. அதைக் குறையாகவே நினைத்து வாழ்நாளெல்லாம் புலம்பியவன், அங்கே அதையே சரக்காகக் கொண்டு போனேன். பள்ளி முடிந்த பிறகு ஆசிரியர்கள் ஐவரோடு தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கால அட்டவணை போட்டோம், பாட அட்டைகள் செய்தோம். பிள்ளைகளுக்கு நான் ஒரு பாடம்கூட நடத்தவில்லை. 2019-இல் திரும்பப் போனபோது, கம்பளி பின்னிய அதே ஆசிரியை இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் என்னைவிட நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். அட்டைகள் நைந்து, புதிய அட்டைகள் வந்திருந்தன.

நீங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கியல் பட்டதாரி என்பதைச் சற்றுக் கூச்சத்தோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். கூச்சம் தேவையில்லை. மலைக்கிராமங்களில் பால் கூட்டுறவு, சிறுசேமிப்புக் குழு, பள்ளி நிர்வாகக் குழு, சமுதாயக் காட்டுப் பயனாளர் குழு என்று கணக்கு எழுத வேண்டிய அமைப்புகள் ஏராளம். பதிவேட்டைச் சீராக வைக்கத் தெரிந்தவர் அருகிலிருந்து மூன்று மாதம் ஒருவருக்குப் பழக்கிவிட்டால் அது நிற்கும். நேப்பாளி தெரியாமல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் நடத்துவதைவிட, ஆங்கிலம் ஓரளவு தெரிந்த ஓர் இளம் செயலாளரோடு உட்கார்ந்து வரவு செலவுப் பேரேட்டைத் திருத்துவது எளிதும்கூட. ஆங்கிலம்தான் கற்பிப்பேன் என்றால், ஆசிரியர்களோடு பேசிப் பழகும் நேரமாக அதை ஆக்கிக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் அவர்கள் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் இருங்கள்.

மலேசியரான நமக்கு மட்டுமே உரிய ஒரு பொருத்தம் இந்த விஷயத்தில் இருக்கிறது. ஐரோப்பியத் தன்னார்வலர் நேப்பாளக் கிராமத்துக்குப் போனால் அவர் நாடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். நாம் மலேசியா என்று சொன்னால் போதும். "என் மகன் அங்கேதான் இருக்கிறான்" என்று ஒரு தாய் அடுப்பிலிருந்து எழுந்து வருவார். உங்கள் கொண்டோமினிய வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் இளைஞர் எல்லாம் இந்த ஊர்களின் பிள்ளைகள். நான் தங்கிய வீட்டின் மூத்த மகன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். கிராமத்தில் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களைக் காண்பது அரிது. வயலில் ஏர் பிடிப்பது முதல் பள்ளிக் கூரைக்குத் தகரம் சுமப்பது வரை பெண்களும் முதியவர்களுமே. தொண்டு செய்யப் போனேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடும்: அந்த ஊரின் உழைப்பை நாம் ஏற்கெனவே இங்கே வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2019-இல் என்ன நடந்தது என்றால், நான் ஆசிரியர்களுக்கென்று வகுத்துக்கொண்டு போன திட்டத்தை ஊரார் ஒரு மாலையில் மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நேப்பாளம் மலேசியாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தி, 2018 அக்டோபரில் இரு அரசுகளும் புதிய ஒப்பந்தம் செய்து, மறுபடி பயணங்கள் தொடங்கிய நேரம் அது. புறப்படவிருந்த ஏழெட்டு இளைஞர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இரு அரசுகளின் புதிய ஒப்பந்தத்தின்படி விமானக் கட்டணத்தையும் ஆட்சேர்ப்புச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் தரகருக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்திருந்தார். 2019 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி என்பதும், அதே மாதத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலையிட விபத்துக் காப்பு உண்டு என்பதும், கடப்பிதழை முதலாளி பறித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதும் அவர்களுக்குப் புதிய செய்திகள். மூன்று மாலை அதைப் பற்றியே பேசினோம். சம்பளச் சீட்டில் எந்தக் கழிவு முறையானது, எது முறையற்றது என்று ஒரு பழைய சீட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தோம். மூன்று பயணங்களிலும் நான் செய்தவற்றுள் உருப்படியானது எது என்று கேட்டால், அந்த மூன்று மாலைகளைத்தான் சொல்வேன். அது எந்தத் தன்னார்வ நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. கணக்கியல் படித்த உங்களால் அதை என்னைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும்; புறப்படுமுன் இன்றைய சம்பள விதிகளையும் சொக்சோ விதிகளையும் புதிதாகப் படித்துக்கொண்டு போங்கள், இடையில் அவை பலமுறை மாறியிருக்கின்றன.

அந்த நிறுவனம் அனுப்பிய பட்டியலில் இரண்டாவது தெரிவாக அநாதை இல்லம் இருப்பதைக் கண்டேன். அதை அடித்துவிடுங்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைமாவட்டப் பெற்றோர், பிள்ளை படிக்கும், பத்திரமாக இருக்கும் என்று நம்பித் தரகர்களிடம் பணம் கொடுத்துப் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்கு அனுப்பினார்கள்; அப்படி வந்த பிள்ளைகள் பலர் பொய்த் தாள்களின் வழியே அநாதைகள் ஆக்கப்பட்டார்கள். போர் முடிந்த பிறகும் அந்த வணிகம் முடியவில்லை, ஏனெனில் பணம் கொடுத்துப் பிள்ளைகளோடு விளையாட வரும் வெளிநாட்டவர்கள் முடியவில்லை. நேப்பாளக் காப்பகங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. அக்காப்பகங்களில் மிகப் பலவும் பெற்றோர் வாழும் மலைகளில் இல்லாமல், காத்மாண்டு, பொக்காரா, சித்வான் என்று சுற்றுலாப் பயணிகள் வரும் இடங்களில் இருப்பதைக் கவனித்தாலே விஷயம் விளங்கும். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு நவீன அடிமைத்தனம் பற்றி 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாகவே எடுத்துக்கொண்டது. நல்ல எண்ணத்தோடு போவதால் இதில் நம் பங்கு குறைந்துவிடாது. பள்ளிக்கே போவதானாலும், நிறுவனம் உங்களிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறதா என்று பாருங்கள். அதை நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா வழியாகப் பெறலாம். பிள்ளைகளிடம் ஆள் அனுப்பும் ஓர் அமைப்பு அதைக் கேட்காவிட்டால், மற்றவர்களிடமும் கேட்டிருக்காது.

பணத்துக்கு வருகிறேன். 2019-இல் நான் தங்கிய வீட்டுக்கு உணவும் உறைவிடமும் சேர்த்து ஒரு நாளைக்கு 800 நேப்பாள ரூபாய் கொடுத்தேன். ஊரில் அது தாராளம் என்றே கருதினார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 29 வெள்ளி. பன்னிரண்டு வாரத்துக்கு 84 நாள் என்று வைத்தால் சுமார் 2,500 வெள்ளி. விலைவாசி ஏறியிருக்கிறது என்று ஆயிரம் வெள்ளி கூட்டினாலும், 7,500-இல் பாதிக்கு மேல் வேறெங்கோ போகிறது. மொழிப் பயிற்சி, உள்ளூர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், காத்மாண்டுவில் தங்குமிடம், ஜீப் வாடகை என்று நியாயமான செலவுகள் உண்டு, மறுக்கவில்லை. எனவே மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காமல், தங்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, மலேசிய அலுவலகத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தருபவரிடம் 7,500 கொடுப்பதுகூடத் தவறாகாது. எழுதித் தராதவரிடம் 3,000 கொடுப்பதும் வீண்.

விசாவைப் பற்றி நிறுவனம் உங்களிடம் "சுற்றுலா என்று சொல்லி இறங்கிவிடுங்கள்" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். இறங்குவது எளிதுதான். காத்மாண்டு விமான நிலையத்திலேயே 15 நாளுக்கு 30, 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125 அமெரிக்க டாலர் கட்டி விசா வாங்கலாம் என்பதுதான் நான் அறிந்த நடைமுறை. ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் 150 நாளுக்கு மேல் சுற்றுலா விசாவில் தங்க முடியாது. ஆனால் அந்த விசாவில் சம்பளம் இல்லாத வேலையும் வேலையே. தண்டமோ வெளியேற்றமோ வந்தால் அது உங்கள் கடப்பிதழில் வரும், நிறுவனத்தின் பெயரில் வராது. நேப்பாளத்தில் வெளிநாட்டு அமைப்புகள் சமூகநல மன்றத்தின் ஒப்புதலோடுதான் இயங்க வேண்டும். அந்த ஒப்புதல் உள்ள அமைப்பால் தன்னார்வலருக்குரிய முறையான அனுமதிக்கு வழி செய்ய முடியும். எந்த விசா, யார் பரிந்துரை என்ற கேள்விக்கு மழுப்பலான விடை வந்தால் மேலே பேச வேண்டாம். உங்கள் தோழி தாதியர் என்றும் உடன் வரக்கூடும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அவர் நோயாளியைத் தொடுவதானால் நேப்பாளத் தாதியர் மன்றத்தில் தற்காலிகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாமல் ஊசி போடுவது இங்கே எப்படிக் குற்றமோ அப்படியே அங்கேயும்.

இனி உடம்பு. நமக்கு உயரம் என்றால் கேமரன் மலை. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர். காத்மாண்டு நகரமே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. உயரநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே தலைகாட்டும். கினபாலு ஏறியவர்கள் 3,270 மீட்டரில் பனாலாபானில் இரவு தங்கியபோது தலைவலி வந்ததை நினைத்துக்கொண்டால் போதும். ஏறக்குறைய 3,500 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். இளைஞர், தினமும் ஓடுபவர் என்பதெல்லாம் காப்பாகாது. வேகமாக ஏறும் திடகாத்திரமானவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் இறங்க வேண்டும். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும், ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். நேர்மையாகச் சொன்னால், முதல் முறை போகிறவர் 2,500 மீட்டருக்குக் கீழே உள்ள ஊரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. படத்தில் பனிமலை சற்றுத் தள்ளித் தெரியும், அவ்வளவுதான் குறை.

தடுப்பூசிகளில் ஹெப்படைட்டிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் பற்றி எந்தக் கிளினிக்கிலும் சொல்வார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டால், கடிபட்ட பிறகு மலையில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் மருந்துக்கு அலைய வேண்டியதில்லை. கடித்த பிறகும் ஊசி உண்டு, அதை மறக்க வேண்டாம். குளிருடைக்குப் பேரங்காடியில் செலவு செய்யாதீர்கள்; நம் பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த பழைய குளிர்ச்சட்டைகள் மலிவாகக் கிடைக்கும்.

எப்போது போவது என்பதை உங்கள் விடுமுறையை வைத்துத் தீர்மானித்திருக்கிறீர்கள். செப்டம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை. பாதி நாள் பள்ளி இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் தசாய்ன் பண்டிகையும் அடுத்து நம் தீபாவளியை ஒட்டித் திஹாரும் வருகின்றன. உயர்மலைப் பள்ளிகள் குளிருக்காக டிசம்பர் பிற்பகுதியில் மூடிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவு, அட்டைக்கடி. தோல்பா பக்கம் போவதானால் மே, ஜூனில் ஊரே யார்சாகும்பா என்ற விலையுயர்ந்த மருந்துப் பூஞ்சையைப் பொறுக்கப் புல்வெளிகளுக்கு ஏறிவிடும். பிள்ளைகளின் கூரிய கண்ணும் சிறிய விரலும் அதற்கு வேண்டும் என்பதால் பள்ளிகளும் அடைபட்டுவிடும். நேப்பாளக் கல்வியாண்டு அவர்களுடைய பைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தொடங்குகிறது. ஏப்ரல் இறுதியில் போய் ஜூலையில் திரும்பினால் ஆசிரியர்களோடு ஆண்டுத் திட்டம் போடும் காலத்தில் உடன் இருக்கலாம். மழையில் கொஞ்சம் நனைய வேண்டும்.

வீட்டுப் பழக்கங்களில் தமிழருக்குச் சிரமம் குறைவு. எச்சில் என்று நாம் சொல்வதை அவர்கள் ஜூட்டோ என்கிறார்கள். வாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தை மற்றவருக்கு நீட்டாமல் அண்ணாந்து குடித்தால், "இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்பார்கள். கேழ்வரகு மாவைக் கிளறிச் செய்யும் டிண்டோ நம் களியேதான். வழிநெடுகச் சுமைகாரர்கள் மூங்கில் கூடையை இறக்கி இளைப்பாற அரசும் ஆலும் நட்டுக் கட்டிய மேடைகளைச் சௌதாரி என்பார்கள்; ஊர்ப்பக்கத்துச் சுமைதாங்கிக் கல்லைப் பற்றி என் தாத்தா சொன்னதை முதல் சௌதாரியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்துகொண்டேன். பின்வருவதை என் மனைவி எழுதச் சொன்னார்: சில இந்துக் குடும்பங்களில் மாதவிலக்கு நாட்களில் அடுப்படிக்கும் பூசையறைக்கும் வர வேண்டாம் என்பார்கள். மேற்கு நேப்பாளத்தில் பெண்களைத் தனிக்குடிலில் ஒதுக்கும் சௌபாடி வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005-இல் தடைசெய்தது, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனாலும் மென்மையான வடிவங்கள் பல ஊர்களில் உண்டு. உங்கள் பாட்டி வீட்டில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படி நடந்துகொள்வதா, அப்படி இல்லாத ராய், ஷெர்ப்பா இனக் குடும்பங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். போன இடத்தில் விவாதம் தொடங்க வேண்டாம்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? பயப்படாதே என்பது பதிலாகாது. தங்கப்போகும் வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டு, அந்த வீட்டு அம்மாவோடு படம் தெரியும் அழைப்பில் ஒருமுறை பேச வையுங்கள். மொழி புரியாவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள் என்பதை எங்கள் வீட்டில் கண்டிருக்கிறேன். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் மலேசியத் தூதரகம் இருக்கிறது, போனதும் பதிந்துகொள்ளுங்கள். மலைப்பக்கங்களில் நேப்பாள் டெலிகாமின் சிம் நன்றாக எடுக்கும். காப்புறுதியில் ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்ற இரண்டு வரிகளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். பல திட்டங்கள் 3,000 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு ஞாயிறும் இத்தனை மணிக்கு அழைப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிக்னல் இல்லாத ஒரு ஞாயிறு போதும், அம்மா விஸ்மா புத்ராவுக்கே போய்விடுவார். இரண்டு வாரம் வரை செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், அதற்குப் பிறகு இந்த எண்ணை அழையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக மொழி. இணையத்தில் பாடம் படிக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கோலாலம்பூரில் கோத்தா ராயா வணிக வளாகத்தை ஒட்டிய ஜாலான் சீலாங் தெருப்பக்கம் போய்ப் பாருங்கள். விடுமுறை கிடைத்த நேப்பாளத் தொழிலாளர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். நேப்பாளிப் பலகை தொங்கும் உணவுக்கடையில் பருப்பும் சோறுமான தால்பாத் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, பரிமாறும் தம்பியிடம் பெயர், ஊர், மாவட்டம் கேட்கத் தொடங்கினால் நான்கைந்து ஞாயிறுக்குள் உங்களுக்கு இருநூறு சொற்கள் வந்துவிடும். எந்த மாவட்டத்துக்குப் போகிறீர்கள் என்று சொன்னால், அந்த மாவட்டத்துக்காரர் ஒருவரை எப்படியும் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எந்த நிறுவனமும் சொல்லாததை அவர் சொல்வார்: எந்தப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, எந்தச் சாலை மழையில் அறுந்துபோகும், எந்தத் தலைமையாசிரியர் வெளிநாட்டவரைக் காட்டிக் காசு திரட்டுகிறார் என்பது வரை. பெட்டியில் ஐந்து கிலோ இடம் விட்டு வையுங்கள்; வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அவரிடம் ஏதாவது இருக்கும், பெரும்பாலும் மகளுக்கு ஒரு பள்ளிப்பையும் அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வையும். அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.